அறைக்குள் இருந்தவர் யார்?

'வளர்சிதை மாற்றம்' தமிழுக்கு வாய்த்த நல்ல கலைச்சொற்களுள் ஒன்று. மெட்டபாலிசம் என்பதன் வேரான கிரேக்கச் சொல்லுக்கு மாற்றம் என்ற அளவில்தான் பொருள். எது மாறுகிறது, எத்திசையில் மாறுகிறது என்று அது சொல்வதில்லை. தமிழில் இதை ஆக்கியவர் வளர்தலையும் சிதைதலையும் ஒரே தொடருக்குள் பூட்டிவிட்டார். உண்ட சோறு உடலாவதும், அந்த உடல் எரிந்து உழைப்பாகவும் வெப்பமாகவும் ஆவதும் அடுத்தடுத்து நிகழ்பவை அல்ல. இரண்டும் ஓயாமல் ஒன்றாகவே நிகழ்கின்றன. இச்சொல்லை நாம் எல்லோரும் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோனோம்.

பசியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு நூலகமே தேறும். பசியை அளந்த இடங்களைப் பற்றி எழுதப்பட்டவை ஓர் அலமாரித் தட்டையும் நிரப்பமாட்டா. இது எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற எண், அரசாணைகளிலும் வறுமைக்கோட்டிலும் மாணவர் விடுதி உணவுப் பட்டியலிலும் இப்போது கைப்பேசிச் செயலிகளிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண் எங்கோ ஓர் அறையில், யாரோ சிலருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த அறைக்குள் இருந்தவர் யார் என்று விசாரிப்பது அறிவியலாரின் வேலை, இலக்கிய வாசகனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எந்தப் பிரதியைக் கையில் எடுத்தாலும் 'சொல்பவன் யார், யாரைப் பற்றிச் சொல்கிறான்' என்று துருவிப் பழகியவர்கள் நாம்தானே?

செரிமானத்தைத் தீயாகக் காண்பது நம் மரபு. வயிற்றுத் தீ, பசித் தீ என்கிறோம். மணிமேகலையில் காயசண்டிகையைப் பிடித்த தீராப் பசிநோய்க்கு யானைத்தீ என்றே பெயர். இதைக் கவிஞர்களின் கற்பனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1780களின் தொடக்கத்தில் பாரீஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு சீமைப்பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று எடைபோட்டார்கள். அது வெளிவிடும் கரியமில வாயுவோடு அதை ஒப்பிட்டு, மூச்சு என்பது மிக மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னர் லவாய்சியர் தம்முடன் பணியாற்றிய செகுவின் முகத்தில் மூடியைப் பொருத்தி, ஓய்விலும் உழைப்பிலும் அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார். அந்தச் சோதனையைப் படமாக வரைந்தவர் லவாய்சியரின் மனைவி மரி-ஆன். ஓரத்து மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவராகத் தம்மையும் படத்துக்குள் வரைந்துகொண்டார்.

உழைப்பவன் அதிகம் எரிக்கிறான் என்று கண்டதும் லவாய்சியர் அடுத்துக் கேட்ட கேள்வி முக்கியமானது. அப்படியானால் உழைக்கும் ஏழைக்குக் குறைவாகவும் உழைக்காத செல்வந்தனுக்கு மிகுதியாகவும் உணவு கிடைப்பது ஏன்? 1789ஆம் ஆண்டின் அறிவியல் கட்டுரை ஒன்றில் இந்தக் கேள்வி வருகிறது. (அரசனுக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த லவாய்சியரை 1794 மே 8 அன்று புரட்சி அரசாங்கம் கில்லட்டினுக்கு அனுப்பியது. வரலாறு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.)

மனிதர் ஒருவர் உள்ளே தங்கி வாழக்கூடிய அறையாக இந்தக் கலம் வளர்வதற்கு ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. மியூனிக்கில் பெட்டன்கோஃபரும் ஃபாய்ட்டும் 1860களில் மூச்சுக்காற்றை அளக்கும் அறையை அமைத்தார்கள். ஃபாய்ட்டிடம் பயின்ற அமெரிக்கரான வில்பர் ஆட்வாட்டர், இயற்பியலாளர் ரோசாவுடன் சேர்ந்து, 1890களில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையைக் கட்டினார். சுமார் ஏழடி நீளம், நாலடி அகலம். உலோகச் சுவர்கள், அவற்றைச் சுற்றி வெப்பம் கசியாத அடுக்குகள். உள்ளிருப்பவரின் உடற்சூட்டைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியேறும். எவ்வளவு தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று பார்த்தால் உடல் விட்ட வெப்பம் தெரிந்துவிடும். மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. உணவு ஒரு சிறு துவாரத்தின் வழியே உள்ளே போகும், கழிவு வெளியே வரும். இரண்டும் எடைபோடப்பட்டு, எரித்துப் பார்க்கப்பட்டன. உழைப்பை அளக்க உள்ளேயே ஒரு நிலைமிதிவண்டி. சோதனைக்கு உட்பட்டவர்கள் நாட்கணக்கில் அதற்குள் உண்டு, உறங்கி, படித்து, மிதித்தார்கள்.

உணவாகப் போனதும் வெப்பமாகவும் உழைப்பாகவும் வந்ததும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் ஒத்துப்போயின. ஆற்றல் அழிவின்மை விதி மனிதனுக்கும் பொருந்தும் என்பது இதனால் உறுதிப்பட்டது. மனிதனுக்குள் கணக்கில் வராத ஏதோ ஓர் உயிர்விசை இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு அந்த அறையில் இடமில்லாமல் போயிற்று. மதுவும் உடலில் உணவைப் போலவே எரிந்து ஆற்றல் தருகிறது என்று ஆட்வாட்டர் கண்டு சொன்னபோது, மதுவிலக்கு இயக்கத்தார் கொதித்தெழுந்தனர். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது போலும்.

ஆட்வாட்டரின் பணியைத் தொடர்ந்தவர் பிரான்சிஸ் பெனடிக்ட். 1907இல் கார்னகி நிறுவனம் பாஸ்டனில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு அவர்தான் இயக்குநர். 1919இல் அவரும் ஹாரிசும் வெளியிட்ட சூத்திரம்தான் உயரம், எடை, வயது, பால் ஆகியவற்றைக் கொடுத்தால், படுத்திருக்கும் உடல் நாளொன்றுக்கு எத்தனை கலோரி எரிக்கும் என்று சொல்லும் முதல் புகழ்பெற்ற சூத்திரம். நம்மூர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் ஒருவர் கைப்பேசியைத் தட்டி 'உங்களுக்கு இவ்வளவு கலோரி' என்று தீர்ப்பளிக்கும்போது அதன் அடியில் இருப்பது இச்சூத்திரம், அல்லது 1990இல் வந்த மிஃப்லினின் சூத்திரம். பாஸ்டன் சூத்திரத்தின் பெரியவர்கள் 136 ஆண்கள், 103 பெண்கள். அந்த 239 அமெரிக்க உடல்கள் உலகத்துக்கே உரைகல்லாயின.

இந்த வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெனடிக்ட் தம் கருவியைப் பல நாட்டு மக்களிடம் கொண்டுபோய் அளக்க விரும்பினார். 1915இல் தொடங்கப்பட்ட சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி அவருடன் சேர்ந்தார். முந்தைய இரவு உணவுக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல், விடிகாலையில் அசையாமல் படுத்து, கருவிக்குள் மூச்சுவிட வேண்டும். அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளக்கும் முறை அதுதான். தென்னிந்தியப் பெண்களின் அளவுகளை மேசனும் பெனடிக்டும் 1931இல் வெளியிட்டார்கள். அமெரிக்க அளவுகோலைவிட அவை கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. அசையாமல் கிடக்கும் நம் பெண்கள் அரைத்தூக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறார்களோ என்ற ஐயமும் அக்காலத்தில் உண்டு. உறக்கத்தின் விளைவை மட்டும் தனியே அளந்து 1934இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இதற்கு நேர்மாறாக, மெக்சிகோவின் யுகடானில் மாயா மக்களிடம் அளந்தபோது எண் அமெரிக்க அளவுகோலுக்கு மேலே நின்றது.

அதே காலத்தில் குன்னூரில் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் முதலிடத்திலும், சென்னை மாகாணத்தார் உணவு உண்டவை கடைசியிலும் நின்றன. (ஏழை ஆங்கிலேயரின் வெள்ளை ரொட்டியும் மார்ஜரினும் தேநீரும் கொடுக்கப்பட்ட எலிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய அந்த ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

மேசனின் எண்ணுக்கு வருவோம். நம் பெண்களின் உடல் ஆறில் ஒரு பங்கு குறைவாக எரிக்கிறது. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். இவர்களுக்குக் குறைந்த உணவு போதும் என்பது ஒரு வாசிப்பு. குறைந்த உணவில் வளர்ந்ததால்தான் இவர்கள் குறைவாக எரிக்கிறார்கள் என்பது மற்றொன்று. எண் ஒன்றுதான். ஆனால் முதல் வாசிப்பைப் பின்பற்றும் அரசு படியைக் குறைக்கும், இரண்டாவதைப் பின்பற்றும் அரசு படியைக் கூட்டும்.

இது கற்பனைச் சிக்கல் அன்று. 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று 1877இல் விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிறைக்கைதிகளுக்குக்கூட இதைவிட அதிகம் தருகிறோம், தானியத்தோடு பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். அவரிடம் கலோரிமானி இல்லை. முகாம்களில் எலும்பும் தோலுமாக வந்து நின்றவர்களைப் பார்த்த கண் இருந்தது. சில மாதங்களில் அந்த விதி கைவிடப்பட்டது. அதற்குள் மாண்டவர்கள் மாண்டார்கள்.

ஒரு பவுண்டு அரிசி சுமார் 1,600 கலோரி தரும். (ஊட்டச்சத்துப் பேச்சில் கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கும்.) இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அறுபத்தேழு ஆண்டு கழித்து மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குக்கு அடியில் இருந்த ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். 1944 நவம்பரில் ஆன்செல் கீஸ் அங்கே 36 இளைஞர்களைச் சேர்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், போரால் பட்டினியில் கிடக்கும் மக்களுக்கு மறுவாழ்வு தரும் வழியை அறியத் தம் உடலைத் தர முன்வந்தவர்கள். முதலில் 3,200 கலோரி கொடுத்து உடலை நிலைப்படுத்தினார்கள். பிறகு 24 வாரங்கள் உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி. நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரம் 22 மைல் நடக்க வேண்டும்.

டெம்பிளின் அரிசிக்கும் கீஸின் பட்டினி உணவுக்கும் இடையே ஒரு கைப்பிடிச் சோறுகூட வேறுபாடில்லை. இளைஞர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். நாடித்துடிப்பு மந்தமாயிற்று. கோடையிலும் குளிர்கிறது என்று கூடுதல் ஆடை அணிந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். இலக்கியத்தில் நாம் படித்த பசியின் மனநிலைகள் எல்லாம் அங்கே நாட்குறிப்பில் பதிவாயின. அடிப்படை வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய 40 விழுக்காடு வீழ்ந்தது. உடல் சுருங்கியதால் மட்டும் நேர்ந்த வீழ்ச்சி அன்று அது. எஞ்சிய திசுவும் தன் தீயைத் தணித்துக்கொண்டது. 24ஆம் வார முடிவில் ஓர் அயலார் வந்து கருவியைப் பொருத்தி அளந்திருந்தால், இவர்களுக்கு இவ்வளவுதான் தேவை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இந்தியாவில் அப்படி எழுதிய அறிஞர்கள் இருந்தார்கள். உணவு வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் சுகாத்மே, மனித உடல் குறைந்த உணவுக்குத் தன் திறனைச் சரிசெய்துகொள்ளும் என்றும், ஆகவே சராசரித் தேவையைக் கோடாக வைத்துப் பட்டினியை எண்ணுவது மிகைக்கணக்கு என்றும் 1970களிலும் 80களிலும் வாதிட்டார். 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வகுத்த காலம் அது. கோட்டைச் சற்றுக் கீழே இழுத்தால் கோடிக்கணக்கான ஏழைகள் ஒரே இரவில் காகிதத்தில் காணாமல் போவார்கள். டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இன்னும் ஒருபடி மேலே போய், சிறுத்த உடலும் நலமான உடலே என்றார். இவற்றை விடாமல் எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். சிறுத்த உடல் நலமானது என்ற நியாயம் ஏழைகளுக்கு மட்டும் ஏன் சொல்லப்படுகிறது என்பதே அவர் கேள்வியின் சாரம். 2019இல், நூறு வயதில் சென்னையில் அவர் காலமானபோது நம் இலக்கியச் சூழலில் சிறு சலனமும் எழவில்லை. ஒரு கதைத்தொகுதியின் அட்டைப்படத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் நாம்.

சுகாத்மே ஏழைகளுக்கு எதிரானவர் என்று நான் சொல்லவில்லை. ஓர் உண்மையான உடலியல் நிகழ்வைத்தான் அவர் சுட்டினார். உடல் தாக்குப்பிடிக்கிறது என்பது உண்மை. தாக்குப்பிடித்தலுக்குக் கொடுக்கும் விலை அவர் கணக்கில் இல்லை என்பதே என் மறுப்பு.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை பெங்களூருவின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. உலக அமைப்புகள் 1985இல் ஏற்ற ஸ்கோஃபீல்டின் சூத்திரத்துக்கு அடிப்படையான அளவுகளில் ஏறத்தாழ பாதி இத்தாலியர்களுடையவை. அது இந்தியர்களுக்கு எண்ணை உயர்த்திக் காட்டுகிறது என்று பெங்களூரு அளவீடுகள் காட்டின. காரணம் என்ன? சோரஸ், பியர்ஸ், ஓ'டே, ஷெட்டி ஆகியோர் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு 1998இல் எழுதினார்கள்: கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் கொண்டால் இன வேறுபாட்டுக்குச் சான்று இல்லை. தீ ஒன்றுதான், விறகின் கட்டு சிறியது. நம் இனத்தின் இயல்பு என்று அதுவரை சொல்லப்பட்ட குறைவு, தசையின் குறைவு. தசை ஏன் குறைந்தது என்று கேட்டால் பேச்சு ஆய்வகத்தை விட்டு வயலுக்கும் ரேஷன் கடைக்கும் வந்துவிடும்.

அங்கேயே அனுரா குர்பாடும் உடன் பணியாற்றியவர்களும் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் நேரடியானது. லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியிலும் கோதுமையிலும் குறைவு. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உண்டு. வளர்ந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் போதும் என்று 1985இன் உலக அறிக்கை சொன்னது. அந்தக் கணக்கில் சோறு மட்டும் தின்றே பிழைத்துக்கொள்ளலாம். பெங்களூருவில் இந்தியர்களையே அளந்தபோது தேவை 30 மில்லிகிராம் என்று தெரிந்தது. 2007இன் உலக அறிக்கை 30க்கு உயர்ந்தது. நெடுநாள் ஊட்டக்குறைவுற்ற ஆண்களிடம் அளந்தபோது 44 வந்தது. குடற்புழுக்களை நீக்கிய பின் 35க்கு இறங்கியது. இதன் பொருள் மிகத் தெளிவானது. இவ்விஷயத்தில் ஏழையின் உடலுக்குத் தேவை அதிகம். 1877இல் பருப்பு வேண்டும் என்று கார்னிஷ் வாதிட்டது வெறும் இரக்கம் அல்ல என்பதற்கு ஆய்வகச் சான்று வர நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தமிழகப் பள்ளிகளில் மதிய உணவோடு தரும் முட்டையை ஓர் ஆடம்பரம் போலவும் அரசியல் கவர்ச்சி போலவும் பேசுகிற படித்தவர்களுக்கு இந்த 12க்கும் 30க்கும் உள்ள தூரத்தை யாராவது விளக்க வேண்டும்.

இத்தகைய அறைகளே வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகளில் மனித மறதியும் கூச்சமும் கலந்துவிடுகின்றன. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றதைக் காட்டியது. தட்டில் வைக்கப்பட்ட சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் இருவகை உணவிலும் சமமாகவே இருந்தன. உள்ளே வைத்து அளக்காமல் இதை நிறுவியிருக்க முடியாது.

நான் கேட்பது, அறைக்குள் போகிறவர்கள் மாற வேண்டும் என்பது. பல்கலைக்கழகங்களில் இத்தகைய ஆய்வுக்கு எளிதில் கிடைப்பவர்கள் மாணவர்களே. மேசனுக்கும் கல்லூரிப் பெண்களே கிடைத்தார்கள். 1931இல் கல்லூரிக்கு வந்த பெண் எந்த வீட்டுப் பெண்ணாக இருந்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணே அவ்வளவு கீழே இருந்ததென்றால், அதே விடிகாலையில் நாற்றங்காலுக்கு நடந்துகொண்டிருந்தவளின் எண் என்ன?

அவளை அளக்க அறைக்குள் அழைத்துவரவும் வேண்டியதில்லை. லிஃப்சன் 1955இல் விலங்குகளிடம் கண்ட முறை ஒன்று 1982 முதல் மனிதர்களுக்கும் பயன்படுகிறது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரை ஒரு வாய் குடித்துவிட்டு வழக்கம்போல் வேலைக்குப் போகலாம். இரண்டும் உடலை விட்டு வெளியேறும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து, அந்த ஒன்றிரண்டு வாரங்களில் உடல் எரித்த மொத்த ஆற்றலைக் கணக்கிடலாம். அந்த நீரின் விலை அதிகம்; அளக்கும் கருவி அதைவிட அதிகம். ஆனாலும் டெல்டாவில் ஒரு நடவுப் பருவம், திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கூடம், ஒரு செங்கல் சூளை, ஓர் உப்பளம் என்று நான்கு இடங்களில் பெண்களிடம் அளப்பது ஒரு மாநிலத்தின் வசதிக்கு அப்பாற்பட்டதன்று. எரித்த ஆற்றலோடு தசையின் எடையையும் சேர்த்து அளக்க வேண்டும். கூலி எவ்வளவு, கடைசியாக உண்டது யார் என்பவற்றையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.